எரியும் ஆவிக்கு நடுவே நிலைமின்சாரம்: புதிதாக வேலையில் சேர்ந்தவருக்கு

கரைப்பான்களும் எரிபொருளும் புழங்கும் இடத்தில் சேர்ந்த முதல் நாளே தீப்பெட்டி, செல்போன், வெல்டிங் பற்றியெல்லாம் எச்சரித்துவிடுவார்கள். அவை கண்ணுக்குத் தெரிகிற நெருப்பு. டிரம்மைச் சாய்த்து ஊற்றும்போதும், மூட்டையை உதறிக் கொட்டும்போதும், நடந்துவந்து வால்வைத் தொடும்போதும் பிறக்கிற பொறியைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவே முடியாது. வழக்கமான வேலையை வழக்கம்போலச் செய்பவரின் கையிலிருந்தே அது கிளம்பும்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். மின்னேற்றம் பிறப்பதை நிறுத்த முடியாது. இரண்டு பொருள்கள் தொட்டுப் பிரிந்தாலே அது பிறக்கும். குழாயில் ஓடும் திரவம், சல்லடையில் இறங்கும் தூள், தரையைத் தொட்டெழும் காலணி எல்லாம் இதில் அடங்கும். அந்த மின்னேற்றம் எங்கும் தேங்காமல் தரைக்கு இறங்க வழி வைப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. அது தேங்கும் இடம் பெரும்பாலும் எதோடும் இணைக்கப்படாமல் தனித்து நிற்கும் ஓர் உலோகத் துண்டாக இருக்கும், அல்லது ரப்பர் அடிப்பாகச் செருப்போடு நிற்கும் ஒரு மனிதராக இருக்கும். கீழே வரும் படிகள் எல்லாம் அப்படித் தனித்து நிற்பதைத் தேடிப் பிடிக்கத்தான்.

எவ்வளவு சிறிய பொறி போதும்?

ஒவ்வோர் ஆவிக்கும் அதைப் பற்றவைக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல் ஒன்று உண்டு. ஹெக்சேன், டொலுயீன், புரோபேன் போன்ற பெரும்பாலான ஹைட்ரோகார்பன்களுக்கு 0.2 முதல் 0.3 மில்லிஜூல். மெத்தனாலுக்கு 0.14. ஹைட்ரஜனுக்கு 0.02க்கும் கீழே. கார்பன் டைசல்ஃபைடுக்கு 0.009 மட்டுமே. தூள்கள் அதிகம் கேட்கும்; பலவற்றுக்கு 10 மில்லிஜூலுக்கு மேல் வேண்டும், ஆனால் 3க்குக் கீழேயே பற்றிக்கொள்ளும் நுண்தூள்களும் இருக்கின்றன.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். பொறியின் ஆற்றலைக் கணக்கிட, பொருளின் மின்தேக்குத்திறனில் பாதியை மின்னழுத்தத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். மனித உடலின் மின்தேக்குத்திறன் சுமார் 100 முதல் 200 பைக்கோஃபாரட். 200 என்று வைத்துக்கொண்டால் 10,000 வோல்ட்டில் 10 மில்லிஜூல் வருகிறது. வறண்ட நாளில் பிளாஸ்டிக் தரையில் நடந்தாலே ஒருவர் அந்த மின்னழுத்தத்தை எட்டலாம். ஒரு சிறு உலோகப் புனல் 10 பைக்கோஃபாரட்தான். அதே 10,000 வோல்ட்டில் அதிலிருந்து 0.5 மில்லிஜூல் வரும். அதுவே டொலுயீனுக்குத் தாராளம்.

"ஷாக் அடித்தால்தானே ஆபத்து, எனக்கு எதுவும் அடித்ததில்லையே" என்ற பேச்சு எல்லாத் தொழிற்சாலையிலும் கேட்கும். விரல்நுனியில் சுருக்கென்று உணர ஏறத்தாழ 2,000 முதல் 3,000 வோல்ட் வேண்டும். 3,000 வோல்ட்டில் உங்கள் உடலிலிருந்து இறங்குவது 0.9 மில்லிஜூல். டொலுயீன் ஆவிக்கு வேண்டியதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் அது. ஆக, நீங்கள் உணராத பொறியும் தீ மூட்டும். உணர்ந்துவிட்டீர்கள் என்றால் நிலைமை எப்போதோ எல்லை மீறியிருக்கிறது என்று பொருள். அதைச் சிரித்துவிட்டுப் போகாமல் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

டொலுயீனை இங்கே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. காற்றில் அதன் ஆவி ஏறத்தாழ 1.1 முதல் 7.1 சதவீதம் வரை இருந்தால் எரியும். 20 டிகிரி செல்சியஸில் மூடிய கலத்துக்குள் டொலுயீன் ஆவி சுமார் 2.9 சதவீதத்திலும், 30 டிகிரியில் சுமார் 4.9 சதவீதத்திலும் நிலைகொள்ளும். சாதாரண அறை வெப்பத்தில் டிரம்முக்குள் இருப்பது எரியும் கலவையேதான். பெட்ரோல் அப்படியல்ல. டேங்குக்குள் ஆவி மிகுந்து, எரிவதற்குப் போதிய காற்று இல்லாத நிலை பெரும்பாலும் இருக்கும்; ஆபத்து வாய்ப்பகுதியில்தான். டொலுயீன் மின்சாரத்தையும் கடத்தாது. மூன்று கெட்ட குணமும் ஒன்றாக அமைந்த கரைப்பான் அது.

ஒளிர்நிலை (ஃபிளாஷ் பாயின்ட்: திரவம் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி தரத் தொடங்கும் வெப்பநிலை) அறை வெப்பத்தைவிட அதிகம் என்று சொல்லி டீசலை ஒதுக்கிவிடாதீர்கள். முந்தைய பயணத்தில் பெட்ரோல் ஏற்றிய டேங்கரில் டீசல் நிரப்பினால், எஞ்சிய பெட்ரோல் ஆவியை டீசல் உறிஞ்சும். அதனால் மிகுந்திருந்த ஆவி குறைந்து, எரியும் அளவுக்குள் வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து, மின்கடத்தாத டீசல் மின்னேற்றத்தைச் சுமந்துகொண்டு உள்ளே விழும். டேங்கர் நிரப்பும் மேடைகளில் பல பெரிய தீ விபத்துகள் இப்படித்தான் நடந்திருக்கின்றன. மேலும், எரியக்கூடிய எந்தத் திரவமும் நுண்துளிகளாகத் தெறித்தால் ஒளிர்நிலைக்குக் கீழேயே பற்றிக்கொள்ளும்.

மின்னிறக்கத்தின் வகைகள்

சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும். தனித்து நிற்கும் உலோகத்திலிருந்தோ மனிதரிடமிருந்தோ வருவது பொறி. நிலைமின்சாரத்தால் வரும் மிகப் பெரும்பாலான தீவிபத்துகளுக்கு இதுவே காரணம். மிக எளிதாகத் தடுக்கக்கூடியதும் இதுதான். பிளாஸ்டிக் பரப்பிலிருந்து எர்த் ஆன, அதாவது தரையோடு இணைந்த உலோகத்தை நோக்கி விசிறிபோல் பரவி வருவது இன்னொரு வகை. சுமார் 4 மில்லிஜூல் வரை தரும், ஆவியைப் பற்றவைக்கும். மெல்லிய மின்கடத்தாப் படலத்தின் இருபுறமும் எதிரெதிர் மின்னேற்றம் சேர்ந்து மொத்தமாக வெடித்து இறங்கும் வகை மிகக் கொடூரமானது. அதன் ஆற்றல் ஜூல் கணக்கில் வரும், எதிரே நிற்பவரைத் தூக்கி எறியும். பிளாஸ்டிக் உட்பூச்சுள்ள குழாயில் தூளை வேகமாகக் காற்றால் தள்ளும் இடங்களில் இதைப் பார்க்கலாம். பெரிய சைலோக்களில் (தூள் சேமிக்கும் உயரமான கலங்களில்) மின்கடத்தாத் தூள் குவியும்போது குவியலின் மேற்பரப்பில் ஓடுவது இன்னொன்று.

எர்த்தும் இணைப்பும்: அளந்து பாருங்கள்

இரண்டு உலோகப் பொருள்களை ஒயரால் சேர்த்தால் இரண்டுக்கும் ஒரே மின்னழுத்தம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பொறி பாயாது. அந்தச் சேர்க்கையைத் தரையோடு இணைத்தால் மின்னேற்றமே தங்காது. இரண்டும் வேண்டும்.

எவ்வளவு மின்தடை வரை ஏற்கலாம்? தொழிற்சாலை வேலைகளில் நிலைமின்சாரம் உண்டாக்கும் மின்னோட்டம் அநேகமாக 100 மைக்ரோஆம்பியரைத் தாண்டாது. தரைக்குப் போகும் வழியில் 10 லட்சம் ஓம், அதாவது 1 மெகாஓம் தடை இருந்தாலும் மின்னழுத்தம் 100 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. ஆகவே நிலைமின்சாரத்துக்கு 1 மெகாஓமே போதும். ஆனால் உலோகத்திலிருந்து உலோகத்துக்குப் போகும் வழியில் மீட்டர் 10 ஓமுக்கு மேல் காட்டினால் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொள்ளுங்கள். தாமிர ஒயருக்கும் எஃகு கிளாம்புக்கும் நூறு ஓம் தடை இருக்க நியாயமே இல்லை. துருவோ, தளர்ந்த ஸ்க்ரூவோ, உள்ளே அறுந்துகொண்டிருக்கும் இழையோ காரணமாக இருக்கும். இன்றைக்கு நூறு ஓம் காட்டுவது அடுத்த மாதம் முழுதாக விட்டுப்போகும்.

அளக்கும் மீட்டர் அபாயப் பகுதிக்கென்று சான்று பெற்றதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆவி இல்லை என்று வாயு அளவி காட்டிய பிறகே அளக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு டொலுயீன் டேங்க் பக்கம் போவது, பொறியைத் தேடப் போனவர் பொறியைக் கையில் கொண்டுபோனது போல.

கிளாம்ப் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். கூர்மையான எஃகு முனைகளும் அழுத்தமான ஸ்ப்ரிங்கும் உள்ளதாக, அல்லது ஸ்க்ரூ முனையால் இறுக்குவதாக இருக்க வேண்டும். பேட்டரி சார்ஜ் செய்யும் முதலைவாய் கிளிப் வேண்டாம். அது பெயின்ட் மேல் உட்கார்ந்துகொண்டு இணைந்ததுபோல் காட்டும். கடித்த பிறகு ஒருமுறை இடவலமாக அசைத்தால் முனை பெயின்ட்டைக் கீறி உலோகத்தைத் தொடும். ஒயர் வெறும் தாமிரப் பின்னலாகவோ, உள்ளே அறுந்தால் தெரியும்படி ஒளி ஊடுருவும் உறையோடோ இருப்பது நல்லது.

இதைவிடக் கடினமானது, மறைந்திருக்கும் தனித்த துண்டுகளைக் கண்டுபிடிப்பது. உருண்டையைத் திருப்பித் திறந்து மூடும் வால்வில் (ball valve) அந்த உருண்டை, மின்கடத்தாப் பிளாஸ்டிக்கான டெஃப்லான் இருக்கைகளுக்கு நடுவே நின்று உடற்பகுதியோடு தொடர்பற்றுப் போகலாம். டெஃப்லான் பூசிய குழாயில் ஃபிளாஞ்சுகள் (குழாய்களை இணைக்கும் விளிம்புத் தட்டுகள்) ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கலாம். ஹோஸின் உள்ளே சுற்றியிருக்கும் சுருள்கம்பி ஒரு முனையில் அறுந்தால், அறுந்த துண்டு முழுவதும் தனித்த கடத்தியாகிவிடும். ஆகவே ஹோஸை முனைக்கு முனை அளக்க வேண்டும், அளக்கும்போது வளைத்தும் அசைத்தும் பார்க்க வேண்டும். டேங்குக்குள் தவறி விழுந்து மிதக்கும் ஒரு தகர டப்பாவும் இதே வகைதான்.

2007 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் வேலி சென்டர் என்ற ஊரில் ஒரு கரைப்பான் கிடங்கு வெடித்து எரிந்தது. டேங்கரிலிருந்து நாஃப்தா என்ற பெட்ரோலியக் கரைப்பானை டேங்குக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டேங்கும் குழாயும் பம்பும் எர்த் செய்யப்பட்டே இருந்தன. விசாரித்த அந்நாட்டு வேதியியல் பாதுகாப்பு வாரியம், டேங்குக்குள் இருந்த மட்டம் காட்டும் மிதவையின் தளர்ந்த இணைப்பில் பொறி தோன்றியிருக்கும் என்று முடிவுக்கு வந்தது. வெளியே எல்லாம் சரியாக இருந்தும், உள்ளே ஒரு மிதவை தொடர்பற்று நின்றிருக்கிறது. பம்பு நின்று நின்று ஓடியதால் குழாயில் காற்று புகுந்ததும் மின்னேற்றத்தைக் கூட்டியிருக்கிறது.

டிரம்மிலிருந்து வாளிக்கு: படிப்படியாக

அதிகம் பேர் தினமும் செய்வது இதுதான், அதனால் விரிவாகவே பார்ப்போம்.

1. ஏற்கும் கலம் உலோகமா என்று பாருங்கள். பிளாஸ்டிக் வாளிக்கு டொலுயீன், ஹெக்சேன் ஊற்றவே வேண்டாம். வாளியின் கைப்பிடிக் கம்பியில் பிளாஸ்டிக் உருளை இருந்தால், அதைக் குழாயில் தொங்கவிட்டு நிரப்பாதீர்கள். பார்வைக்கு உலோகம் உலோகத்தைத் தொட்டிருப்பதுபோல் தெரியும். உண்மையில் அந்த உருளை வாளியைத் தனிமைப்படுத்திவிடும்.

2. டிரம் மரப்பலகை மேலோ பிளாஸ்டிக் பேலட் மேலோ இருந்தால் அது தரையோடு இணைந்ததல்ல. மூடியைத் திறக்கும் முன்பே எர்த் ஒயரின் கிளாம்பை டிரம்மின் விளிம்பில் மாட்டுங்கள். மாட்டும் நொடியில்தான் பொறி வர வாய்ப்பு அதிகம். அந்த நொடியில் ஆவி வெளியே இருக்கக் கூடாது. இந்த வரிசைக்குக் காரணம் அதுவே.

3. இரண்டாவது ஒயரால் டிரம்மையும் வாளியையும் இணையுங்கள். இதுவும் திறப்பதற்கு முன்பே.

4. நீங்களே தரையோடு இணைந்திருக்கிறீர்களா என்று உறுதி செய்யுங்கள். காலணி பற்றிக் கீழே வருகிறது. தடித்த ரப்பர் கையுறையோடு உலோகக் கரண்டியைப் பிடித்தால் அந்தக் கரண்டி தனித்து நிற்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

5. இப்போது திறங்கள். குழாயின் வாய் வாளியின் சுவரைத் தொட்டபடி, மெதுவாக ஓடட்டும். உயரத்திலிருந்து விழுந்தால் தெறிக்கும். தெறித்தால் மின்னேற்றமும் கூடும், நுண்துளிகளும் கூடும்.

6. புனல் வேண்டுமென்றால் உலோகப் புனலையே எடுத்து, அதையும் ஒயரால் இணையுங்கள். பிளாஸ்டிக் கேனின் வாயில் செருகிய உலோகப் புனல், காற்றில் தொங்கும் உலோகத்துக்குச் சமம்.

7. ஓட்டத்தை நிறுத்துங்கள். மூடிகளை மூடுங்கள். அதற்குப் பிறகே ஒயர்களைக் கழற்றுங்கள்.

அசிட்டோன், மெத்தனால் போன்றவை மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் அவற்றைப் பிளாஸ்டிக் கேனில் தாராளமாக நிரப்பலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. கடத்தும் என்பது உண்மை. ஆனால் பிளாஸ்டிக் சுவருக்குள் அந்தத் திரவமே தனித்த கடத்தியாகிவிடும். அதில் சேர்ந்த மொத்த மின்னேற்றமும் ஒரே பொறியில் இறங்கும். பிளாஸ்டிக் கலத்தைத் தவிர்க்கவே முடியாத இடத்தில், எர்த் செய்த உலோகக் குழாயை அடிவரை இறக்கி, அதன் வழியாகவே மெதுவாக நிரப்ப வேண்டும்; திரவத்தை முதலில் தொடுவது அந்தக் குழாயாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கலத்தைக் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள். பிளாஸ்டிக் உறை சுற்றி வந்த பேலட்டை அபாயப் பகுதிக்கு வெளியிலேயே பிரித்துவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள்.

குழாய், வடிகட்டி, டேங்கர்

திரவத்தின் மின்கடத்துதிறனை மீட்டருக்கு இத்தனை பைக்கோசீமென்ஸ் என்று சொல்வார்கள். 50க்குக் கீழே இருந்தால் மின்கடத்தாத் திரவம். 10,000க்கு மேலே கடத்தும் திரவம். டொலுயீன், ஹெக்சேன் போன்றவை தூய நிலையில் 1க்கும் கீழே நிற்கும். ஹைட்ரோகார்பன் திரவத்தில் மின்னேற்றம் தணியும் நேரத்தைத் தோராயமாகக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு: 18ஐ மின்கடத்துதிறனால் வகுத்தால் கிடைப்பது விநாடிகள். அந்த நேரத்தில் மின்னேற்றம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 50 என்றால் 0.36 விநாடி. 1 என்றால் 18 விநாடி. 0.1 என்றால் 180 விநாடி. டேங்க் முழுக்க எஃகு, எர்த்தும் சரி, ஆனால் மின்னேற்றம் திரவத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும். எர்த் போட்டாகிவிட்டது என்ற நிம்மதி இங்கே செல்லாது. வேகமும் காத்திருப்பும்தான் செல்லும்.

வேகத்துக்கான விதி இது. டேங்கர் காலியாக இருக்கும்போது நொடிக்கு 1 மீட்டருக்கு மேல் போகாதீர்கள். நிரப்பும் குழாயின் வாய் நன்றாக மூழ்கும் வரை, அதாவது குழாய் விட்டத்தின் இரு மடங்கோ 60 சென்டிமீட்டரோ, எது குறைவோ அதுவரை இந்த வேகம். அதன்பின் கூட்டலாம், ஆனால் வேகத்தையும் குழாயின் உள்விட்டத்தையும் மீட்டரில் பெருக்கினால் 0.5ஐத் தாண்டக் கூடாது, எப்படியானாலும் நொடிக்கு 7 மீட்டரைத் தாண்டக் கூடாது.

பம்பு ஓட்டுபவருக்கு நொடிக்கு மீட்டர் என்று சொன்னால் பயனில்லை, லிட்டரில் சொல்ல வேண்டும். நொடிக்கு 1 மீட்டர் என்பது 25 மில்லிமீட்டர் குழாயில் நிமிடத்துக்கு சுமார் 29 லிட்டர், 50 மில்லிமீட்டரில் 118, 75இல் 265, 100இல் 471. 100 மில்லிமீட்டர் குழாயில் உச்ச வேகம் நொடிக்கு 5 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு சுமார் 2,350 லிட்டர். திரவத்தில் தண்ணீரோ கசடோ கலந்திருந்தால் உச்ச வேகத்தை மறந்துவிட்டு முழுவதும் நொடிக்கு 1 மீட்டரிலேயே நிறுத்துங்கள். கலப்படத் துளிகள் மின்னேற்றத்தைப் பலமடங்கு பெருக்கும்.

நுண்வடிகட்டி இருந்தால் கதையே வேறு. வெறும் குழாயில் பிறப்பதைப்போலப் பலமடங்கு மின்னேற்றம் வடிகட்டியில் பிறக்கும், ஏனென்றால் அங்கே தொடும் பரப்பு அவ்வளவு அதிகம். வடிகட்டியைத் தாண்டிய திரவம் டேங்கை அடைய குறைந்தது 30 விநாடியாவது ஆக வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. 100 மில்லிமீட்டர் குழாயில் நொடிக்கு 5 மீட்டர் ஓடினால் அதற்கு 150 மீட்டர் குழாய் வேண்டும். அத்தனை நீளத்துக்கு இடமில்லையென்றால் இடையில் சுமார் 1,200 லிட்டர் கொள்ளும் எர்த் செய்த கலம் ஒன்றைப் பொருத்த வேண்டும், அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும். வடிகட்டியை டேங்க் வாயருகே வைத்தால் சுத்தம் செய்ய வசதி என்று யாராவது இடம் மாற்றியிருந்தால், அதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய முதல் தவறு.

நிரப்பும் குழாயின் வாய் அடியிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். மேலிருந்து அருவிபோல் கொட்டுவதை அனுமதிக்காதீர்கள். நிரப்பி முடித்ததும் உடனே அளவுகோலையோ மாதிரி எடுக்கும் குப்பியையோ உள்ளே விடாதீர்கள். எர்த் ஆன உலோகம் மின்னேற்றம் பெற்ற திரவப்பரப்பை நெருங்கும்போது பொறி பாயும். டேங்கருக்குக் குறைந்தது 1 நிமிடமும், பெரிய சேமிப்பு டேங்குக்கு 30 நிமிடமும் காத்திருக்க வேண்டும். அடிவரை இறங்கும் அளவுக்குழல் பொருத்தியிருந்தால் அதன் வழியாகக் காத்திருக்காமல் அளக்கலாம். மாதிரி எடுக்கும் குப்பியை நைலான் கயிற்றில் கட்டி இறக்குவதை முற்றாக விடுங்கள்.

டேங்கர் நிரப்பும் மேடையில், எர்த் இணைப்பு விட்டுப்போனால் பம்பு தானே நிற்கும்படி கண்காணிப்புக் கருவி இருக்கும். அதன் சிவப்பு விளக்கு அடிக்கடி தொல்லை தருகிறதென்று கம்பியைக் குறுக்கே போட்டு ஏமாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். அழுக்குப் பிடித்த கிளாம்பைத் துடைக்கச் சோம்பல்பட்டுச் செய்கிற காரியம் அது.

எரிபொருளில் மின்கடத்துதிறனைக் கூட்டும் சேர்மானம் லிட்டருக்குச் சில மில்லிகிராம் கலப்பதும் உண்டு. கடத்துதிறன் 50க்கு மேலே போனால் பாதிச் சிக்கல் தீரும். மருந்து, உணவு, பெயின்ட் போன்ற இடங்களில் பொருளின் தூய்மை கெடும் என்பதால் இதற்கு இடமில்லை.

நீங்களே ஒரு கடத்தி

அபாயப் பகுதிக்குள் நிற்பவரிடமிருந்து தரைக்கு உள்ள மின்தடை 10 கோடி ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். காலணியும் தரையும் சேர்ந்து இதைத் தர வேண்டும். காலணியின் தடை 1 லட்சம் ஓமுக்குக் கீழே போகவும் கூடாது. போனால் சாதாரண மின்கம்பியில் கைபட்டால் உயிருக்கு ஆபத்து. ஆன்டிஸ்டாட்டிக் என்று முத்திரை குத்திய சேஃப்டி ஷூ வாங்கிக் கொடுத்துவிட்டு அதோடு மறந்துவிடுவார்கள். அடியில் ரெசினும் பெயின்ட்டும் அப்பிய ஷூ இரண்டே வாரத்தில் ரப்பர் செருப்புக்குச் சமமாகிவிடும். உள்ளே தனியாகப் போட்ட மெத்துப் பட்டையும் கெடுக்கும். நுழைவாயிலில் உள்ள சோதனைக் கருவியில் தினமும் ஏறி நின்று பாருங்கள். தரையில் சிந்திய ரெசின் உறைந்த இடமும், சுத்தமாக இருக்கட்டும் என்று விரித்த பிளாஸ்டிக் ஷீட்டும் நல்ல ஷூவையும் வீணாக்கும்.

நீங்கள் எர்த் ஆகியிருந்தால், போட்டிருக்கும் சட்டையால் பெரும்பாலான கரைப்பான் ஆவிகளில் பெரிய ஆபத்து வராது. ஆனால் அபாயப் பகுதிக்குள் சட்டையையோ ஸ்வெட்டரையோ கழற்றாதீர்கள். கழற்றுவது என்பதே பெரிய பரப்பைப் பிரிப்பது. ஹைட்ரஜன் போன்ற வாயு உள்ள இடத்தில் ஆன்டிஸ்டாட்டிக் உடையும் கட்டாயம்.

காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் துணி, காகிதம், பிளாஸ்டிக் பரப்புகளில் மின்னேற்றம் தங்குவது குறையும். டேங்குக்குள் இருக்கும் டொலுயீனுக்கு வெளியே மழை பெய்வதும் வெயில் அடிப்பதும் ஒன்றுதான். மழைக்காலம் என்று எர்த் ஒயரை விட்டுவிடுவதற்கு ஆதாரமே இல்லை.

கரைப்பானுக்குள் தூள் கொட்டுவது

மிக்ஸிங் வெசலில் கரைப்பான் ஏற்கெனவே இருக்க, மேல்மூடியைத் திறந்து மூட்டையைக் கவிழ்ப்பது பலரும் யோசிக்காமல் செய்யும் அபாயகரமான வேலை. தூள் சறுக்கும்போது பையும் தூளும் நீங்களும் மூவருமே மின்னேற்றம் பெறுவீர்கள். நேர் கீழே ஆவி. கூடவே தூள் மேகமும் ஆவியும் கலந்த கலவை தனித்தூளைவிடக் குறைந்த ஆற்றலில் பற்றும். 25 கிலோ காகிதப் பையிலிருந்து கொட்டும்போது உள்ளே பிளாஸ்டிக் உறை இருந்தால் அதை வாய்க்கு மேல் உதறாதீர்கள். முடிந்தால் வரிசையை மாற்றுங்கள்: தூளை முதலில் போட்டு, மூடி, பிறகு கரைப்பானை அடிவரை செல்லும் குழாய் வழியாக விடுங்கள். அது இயலாதபோது நைட்ரஜன் நிரப்பி, ஆக்சிஜன் அளவியைப் பார்த்து, இரட்டை வால்வு வழியாகத் தூளை இறக்க வேண்டும். திறந்த மூடி வழியாகக் கொட்டிக்கொண்டே பக்கத்தில் நைட்ரஜன் விடுவதால் பயனில்லை. கொட்டும் தூளோடு காற்றும் உள்ளே போகும்.

ஜம்போ பைகளில் நான்கு வகை உண்டு. ஏ வகையும் பி வகையும் எரியும் ஆவி உள்ள இடத்துக்கு ஆகாது. சி வகையில் கடத்தும் இழைகள் பின்னியிருக்கும். எர்த் செய்தால் நல்லது, மறந்தால் அதுவே மிகப் பெரிய தனித்த கடத்தி, ஏ வகையைவிட மோசம். டி வகைக்கு எர்த் ஒயர் தேவையில்லை, ஆனால் சுற்றியுள்ள உலோகமும் மனிதரும் எர்த் ஆகியிருக்க வேண்டும். பையின் லேபிளைப் படிக்காமல் கொக்கியில் மாட்டாதீர்கள்.

கழுவுதலும் தீயணைப்பானும்

1969 டிசம்பரில் மார்பெஸ்ஸா, மாக்ட்ரா, கோங் ஹாக்கோன் 7 என்ற மூன்று பெரிய எண்ணெய்க் கப்பல்கள் காலி டேங்குகளைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவும்போது வெடித்தன. வேகமாக மோதிச் சிதறிய தண்ணீர்த்திவலைகளே மின்னேற்றம் சுமந்த மேகமாக மாறின என்று பின்னர் ஆய்வுகள் காட்டின. இன்று கப்பல் டேங்குகளில் ஆக்சிஜனை 8 சதவீதத்துக்குக் கீழே இறக்கும் மந்தவாயுவை நிரப்பிவிட்டே கழுவுகிறார்கள். தொழிற்சாலை டேங்கிலும் நீராவிக் குழாயின் முனையை டேங்கோடு இணைத்துவிட்டே நீராவி பீய்ச்ச வேண்டும்.

கார்பன் டைஆக்சைடு தீயணைப்பானைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. அது வெளியேறும்போது உண்டாகும் பனித்துகள்கள் கடுமையாக மின்னேற்றம் பெறும். 1954இல் ஜெர்மனியின் பிட்பர்க்கில் எரிபொருள் டேங்க் ஒன்றில் கார்பன் டைஆக்சைடு அமைப்பைச் சோதித்துப் பார்க்கும்போதே டேங்க் வெடித்தது. எரியும் நெருப்பை அணைக்க அதைப் பயன்படுத்துங்கள். தீ இல்லாத, ஆவி நிறைந்த டேங்கை "பாதுகாப்பாக்க" அதை உள்ளே அடிக்காதீர்கள்.

கிளாம்ப் கழன்று கிடப்பதைப் பாதியில் பார்த்தால்

டேங்கர் நிரம்பிக்கொண்டிருக்கிறது, எர்த் கிளாம்ப் தரையில் கிடக்கிறது. ஓடிப்போய் எடுத்து மாட்டத்தான் கை போகும். மாட்டாதீர்கள். அந்நேரம் டேங்கர் உடல் முழுவதும் மின்னேற்றத்தோடு நிற்கும். அதன் மின்தேக்குத்திறன் சுமார் 1,000 பைக்கோஃபாரட், உங்கள் உடலைப்போல் ஐந்து மடங்குக்குக் குறையாது. கிளாம்ப் நெருங்கும் நொடியில், ஆவி வெளியேறும் திறந்த வாய்க்குப் பக்கத்திலேயே பொறி விழும். வண்டியையும் தொடாதீர்கள். தூரத்தில் உள்ள நிறுத்தும் பொத்தானை அழுத்திப் பம்பை நிறுத்துங்கள். ஓட்டுநரை இறங்கவோ ஏறவோ வேண்டாம் என்று சொல்லுங்கள். மின்னேற்றம் தணியவும் ஆவி கலையவும் நேரம் கொடுங்கள். மின்கடத்தாத் திரவம் என்றால் சில நிமிடங்கள் போதாது, அரைமணி நேரம் விடுவது புத்திசாலித்தனம். வாயு அளவி பூஜ்யம் காட்டிய பிறகு, திறந்த வாய்ப்பகுதியிலிருந்து தள்ளி, அடிச்சட்டத்தில் கிளாம்பை மாட்டி, மின்தடையை அளந்து பதிவு செய்துவிட்டு, மறுபடியும் நொடிக்கு 1 மீட்டரிலிருந்து தொடங்குங்கள்.